சுவிட்சுக்குப் பின்னால் இருந்த ஒயர்

என்னிடம் டிரைவராக இருந்த ஒருவர்மீது நான் பொய்ப் பழி போட்டேன். வண்டியின் எஞ்சின் கெட்டதற்குக் காரணம் நான் செய்த வேலை. பழி போடுவதற்கு முந்தின இரவே அது எனக்குத் தெரியும். தெரிந்தும், அவர் கவனிக்காமல் ஓட்டிவிட்டார் என்று வண்டி ஸ்டாண்டில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் சம்பளத்தில் பணமும் பிடித்தேன். யாரும் என்னை நெருக்கிக் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். திண்டுக்கல்லில் ஒன்றிரண்டு லோடு வண்டி வைத்துப் பிழைப்பவர்கள் நிறையப் பேர். அவர்களும், அவர்களிடம் வண்டி ஓட்டுகிறவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

என்னுடையது 2523 சிசி டீசல் எஞ்சின் வைத்த பழைய பிக்கப். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பாதி ஓட்டம் சமவெளியில்: ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இருந்து காய்கறி, அய்யலூரில் இருந்து தக்காளி, நிலக்கோட்டையில் இருந்து பூ மூட்டை. மீதி மலை ஓட்டம். சிறுமலைக்கு ஏறும்போது சிமெண்ட், உர மூட்டை. இறங்கும்போது வாழைத்தார், எலுமிச்சை, சவ்சவ். சில நாள் வத்தலக்குண்டு வழியாகத் தாண்டிக்குடி வரை போகும். மலைச் சரக்கு ஏற்றும் வண்டிக்கு இறக்கத்தில்தான் லோடு என்று வெளியூர்க்காரர் நினைப்பார். ஏறும்போதும் லோடு கிடைத்தால்தான் நடை கட்டும். சிறுமலைப் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். சிமெண்ட் மூட்டையோடு அதில் ஏறுவதுதான் எஞ்சினுக்குச் சோதனை.

பிக்கப்பில் எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும். அதன் முகம் ரேடியேட்டரைப் பார்த்து இருப்பதால், வாட்டர் பம்பின் முனையிலேயே ஃபேனை மாட்டி பெல்ட்டால் சுற்ற விட்டுவிடுவார்கள். 1983 கடைசியில் வந்த மாருதி 800 போன்ற சின்ன கார்களில் எஞ்சின் குறுக்குவாக்கில் இருக்கும். அங்கே பெல்ட் ஃபேன் ரேடியேட்டர் பக்கம் திரும்பாது. அதனால் மின்சார ஃபேன். ஒன்று பழசு, இன்னொன்று புதுசு என்பதில்லை. இரண்டும் அந்தந்த வண்டியின் அமைப்புக்கும் வேலைக்கும் ஏற்ப வந்தவை. இது எனக்கு அப்போது தெரியாது. பெல்ட் ஃபேன் பழைய காலத்துச் சமாச்சாரம், கரண்ட் ஃபேன்தான் நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வண்டி ஃபேனின் நடுவில் விஸ்கஸ் கப்ளிங் என்று ஒரு உருண்டை உண்டு. உள்ளே சிலிக்கான் ஆயில். முன்பக்கத்தில் இரண்டு உலோகம் சேர்த்துச் செய்த சின்னப் பட்டை ஒன்று, ரேடியேட்டரைத் தாண்டி வருகிற காற்றின் சூட்டை உணரும். காற்று சூடானால் ஆயிலுக்கு வழி திறக்கும்; ஃபேன் இறுகி வேகமாகச் சுற்றும். ஆறினால் ஃபேன் நழுவி மெதுவாகும். தேவைப்படும்போது மட்டும் முழுபலத்தோடு சுற்றும் ஏற்பாடு அதிலேயே இருந்தது.

அந்தக் கப்ளிங்கில் ஆயில் கசிந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தது என் டிரைவர்தான். "அண்ணே, மேட்டுல ஏறயில ஃபேன் இரைச்சலே வர மாட்டேங்குது. கையில சுத்துனா லொடலொடன்னு போகுது. கப்ளிங் போயிருச்சுண்ணே" என்றார். மெக்கானிக்கிடம் கேட்காமலே, காதால் கேட்டே சொன்னவர் அவர். புதுக் கப்ளிங் சில ஆயிரம் ஆகும் என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை.

பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், 1400 சிசி டீசல் காரில் இருந்து கழற்றிய மின்சார ஃபேன் ஒன்று மலிவாகக் கிடைத்தது. வாங்கினேன். என் தவறுகள் அங்கிருந்து ஒவ்வொன்றாக வருகின்றன.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒழுங்காகத்தான் சொன்னார். ரிலே வேண்டும், ஃபியூஸ் வேண்டும், ஒயர் தடிமனாக வேண்டும், சூடு பார்த்துத் தானாக ஓட தெர்மோ சுவிட்ச் வேண்டும் என்று சொல்லி, ஆகிற தொகையையும் சொன்னார். அவரை விட்டுவிட்டு நானே மாட்டினேன். வீட்டு வயரிங்கில் மிஞ்சியிருந்த 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை எடுத்தேன். பேட்டரியில் இருந்து டாஷ்போர்டுக்கு இழுத்து, ஒரு சாதாரண சுவிட்சின் வழியாக மறுபடி ஃபேனுக்குக் கொண்டுபோனேன். ஃபேன் இழுக்கும் கரண்ட் முழுவதும் அந்தச் சின்ன சுவிட்சின் வழியாகப் போயிற்று. பழைய ஃபேனைச் சுற்றி இருந்த காற்றுக்கூடு புது ஃபேனுக்குப் பொருந்தவில்லை. அதையும் கழற்றிப் போட்டுவிட்டு, பட்டைத் தகட்டை வளைத்து ஃபேனை ரேடியேட்டரோடு இறுக்கினேன்.

ஆளில்லாமல் சும்மா கிடந்த நேரத்தில் ஸ்டார்ட் செய்து பார்த்தேன். சத்தமே இல்லை. கைவசம் ஏதோ பெரிய வித்தை வந்துவிட்டதுபோல் இருந்தது. ஒட்டன்சத்திரம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். முள் நடுவைத் தாண்டவில்லை. அறுபதில் போகிற வண்டிக்கு எதிர்க்காற்றே போதும், ஃபேன் இல்லாமலே ரேடியேட்டர் ஆறும் என்பதை யோசிக்கவில்லை. சமவெளியில் வண்டி ஆறியது காற்றால். பெருமையை நான் எடுத்துக்கொண்டேன்.

பெருமை ஸ்டாண்டு வரை போனது. லிட்டருக்கு 2 கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். டேங்கை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்க்கவே இல்லை. அந்த 2 கிலோமீட்டர் என் வாயில் பிறந்த எண். அதை நம்பி வேறு சிலரும் தங்கள் வண்டியில் இதே வேலையைச் செய்தார்கள்.

மலை ஓட்டம் தொடங்கியதும் டிரைவர் சொல்ல ஆரம்பித்தார். "அண்ணே, ஆறாவது வளைவு தாண்டுனதும் முள்ளு ஏறிக்கிட்டே போகுது. நிப்பாட்டி நிப்பாட்டித்தான் ஏத்துறேன். பழைய ஃபேனையே மாட்டிருவோம்ணே." நான் கேட்கவில்லை. கியரை இழுத்துப் பிடிக்காதே, ஆக்சிலரேட்டரை அமுக்காதே என்று அவருக்கே பாடம் நடத்தினேன். அவர் தன் பாட்டுக்கு இரண்டு தண்ணீர் கேன்களைப் பின்னால் கட்டி வைத்துக்கொண்டார். புறப்படும் முன் மூடியைத் திறந்து தண்ணீர் பார்க்காமல் அவர் வண்டியை எடுத்ததே கிடையாது. கூலன்ட் வாங்கிக் கொடுக்க வேண்டியவன் நான். அதற்கும் காசு பார்த்து, உப்பு ஏறிய போர் தண்ணீரையே ஊற்றச் சொன்னேன். அந்த உப்பு ரேடியேட்டர் குழாய்க்குள் படிந்து அடைத்தால் சூடு வெளியேறாது.

மலையில் ஏன் சூடாயிற்று என்பதை விளக்க வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் பலர் நான் நினைத்ததைப் போலவே நினைக்கிறார்கள். டீசல் எரிந்து வருகிற சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. கிட்டத்தட்ட இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகப் போகிறது. மீதியில் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் சுமந்து வந்து ரேடியேட்டரில் இறக்க வேண்டும். ஏற்றத்தில் எஞ்சின் முழுபலத்தில் உழைக்கும், அதனால் சூடும் உச்சத்தில் இருக்கும். ஆனால் வண்டி இரண்டாவது கியரில் ஊர்வதால் எதிர்க்காற்று கிடையாது. அந்த நேரத்தில் எஞ்சினைக் காப்பாற்றுவது ஃபேன் மட்டும்தான்.

என் ஃபேனோ பாதி எஞ்சினுக்காகச் செய்தது. காற்றுக்கூடு இல்லாததால் தன் வட்டத்துக்கு நேராக இருந்த பகுதியில் மட்டும் காற்றை இழுத்தது. ரேடியேட்டரின் நாலு மூலைகளிலும் தண்ணீர் சூடாகவே போய் சூடாகவே திரும்பியது. ஒயர் கணக்கு இன்னும் மோசம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை மீட்டருக்கு ஏறக்குறைய 0.012 ஓம். நான் இழுத்தது நாலு மீட்டர். 20 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே கிட்டத்தட்ட 1 வோல்ட் போய்விடும். சுவிட்சிலும் முறுக்கிக் கட்டிய இணைப்புகளிலும் போவது தனி. வோல்ட் குறைந்தால் மோட்டார் வேகம் குறையும், காற்றும் குறையும். குறைந்த வோல்ட் எங்கும் மறைந்துவிடாது. ஒயரிலும் சுவிட்சிலும் சூடாக உட்கார்ந்திருக்கும்.

ஆல்டர்னேட்டரின் மேல் 35 ஆம்பியர் என்று அடித்திருந்தது. அதுவும் எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் அந்த அளவு கொடுக்கும். ஃபேனுக்கு 20. ராத்திரியில் 60 வாட் ஹெட்லைட் இரண்டுக்கு 10. பின்விளக்கு, பார்க்கிங் லைட், ஹார்ன், பாட்டுப் பெட்டி என்று சேர்த்தால் மிச்சம் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடப் பையன் போடக்கூடிய கூட்டல் இது. அதை நான் போடவில்லை.

ஒரு சித்திரை மாதம், பொழுது சாய்ந்த பிறகு, சிமெண்ட் லோடோடு வண்டி சிறுமலை ஏறிக்கொண்டிருந்தது. பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்து ஆவி அடித்தது. டிரைவர் செய்தது எல்லாம் சரி. ஓரங்கட்டினார், சக்கரத்துக்குக் கல் வைத்தார், மூடியில் கை வைக்கவில்லை. எனக்கு போன் போட்டார். "அண்ணே, ஃபேன் சுத்தலண்ணே. சுவிட்சு போட்டுத்தான் இருக்கு. பிளாஸ்டிக் கருகுன வாடை வருது. இதுக்கு மேல ஏத்த வேணாம், காலையில கரண்ட் ஆளைக் கூட்டிட்டு வாங்க."

மேலே வீடு கட்டுகிறவர் காலையில் கான்கிரீட் போட வேண்டும் என்று சிமெண்டுக்குக் காத்திருந்தார். வாடகை போய்விடும் என்பதுதான் என் கவலை. "கேன்ல தண்ணி இருக்குல்ல? ஊத்திட்டு மெதுவா ஏத்து. இன்னும் கொஞ்சந்தான்" என்றேன். வேணாம்ண்ணே என்று மறுபடி சொன்னார். நான் குரலை உயர்த்தினேன். முதலாளி சொன்னால் அதற்கு மேல் டிரைவர் என்ன செய்வார்? ஆறவிட்டு, ஊற்றி, ஏற்றினார். சரக்கு இறங்கியது. எஞ்சின் போனது.

மறுநாள் இரவு வண்டியைக் கட்டி இழுத்து வந்து என் வீட்டு முன்னால் விட்டார்கள். எல்லோரும் போன பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்ப் பார்த்தேன். டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் ஊற்றிய டீயைப் போல வெளுத்திருந்தது. ஹெட் கேஸ்கெட் அடித்து, தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது. அப்புறம் டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்து சுவிட்சின் பின்பக்கம் பார்த்தேன். சிவப்பு ஒயரின் தோல் உருகி, ஒரு விரல் நீளத்துக்குக் கம்பி கறுத்துத் தெரிந்தது. சுவிட்சின் ஒரு கால் உருகிச் சாய்ந்து கம்பியை விட்டு விலகியிருந்தது. சுவிட்ச் 'ஆன்' பக்கமே இருந்தது.

டிரைவர் போனில் சொன்னது ஒவ்வொன்றும் என் கண் முன்னால் இருந்தது. நான் அந்த ஒயரை வெட்டி எடுத்தேன். சுவிட்சைக் கழற்றினேன். இரண்டையும் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டேன். இன்னொரு சுவிட்சும் கொஞ்சம் புது ஒயரும் போட்டு ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, கை கழுவிப் படுத்தேன்.

காலையில் ஷெட்டில் மெக்கானிக் சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். ஃபேன் ஓடியது. "ஃபேன் நல்லாத்தானே ஓடுது? தண்ணி இல்லாம ஓட்டியிருப்பாப்ல" என்றார். அவர் பார்த்ததை வைத்துச் சொன்னார், அவர்மேல் தப்பில்லை. டிரைவர் என்னைப் பார்த்து, "சுவிட்சு போட்டுத்தாண்ணே இருந்துச்சு, சுத்தலண்ணே" என்றார். "ஃபேன் கண்ணு முன்னால ஓடுது, இன்னும் பொய் சொல்றியா? தண்ணி பாத்துருந்தா இது நடக்குமா?" என்று கத்தினேன். சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். அவர் டாஷ்போர்டில் இருந்த புது சுவிட்சைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. அது பழைய சுவிட்ச் இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. தெரிந்தும், தண்ணீர் பார்க்காமல் ஓட்டிவிட்டார் என்று ஸ்டாண்டிலும் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டம் எடுத்து, கேஸ்கெட் மாற்றி, ஆயில் மாற்றி வண்டி எழுந்தது. செலவில் பாதியை அவர் தலையில் கட்டினேன். பேட்டாவில் கை வைக்கவில்லை, சம்பளத்தில் மட்டும் மாதாமாதம் பிடித்தேன். அதைப் பெரிய தயவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடன் தீரும் மட்டும் அவர் வாய் திறக்காமல் ஓட்டினார். தீர்ந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்டாண்டில் அவருக்குத் 'தண்ணி பாக்காத டிரைவர்' என்று பேர் நிலைத்தது. வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம் அந்தப் பேர் முன்னால் போய் நின்றது.

1936-ஆம் வருடமே வந்த சம்பளப் பட்டுவாடாச் சட்டம் பிற்பாடு சரக்குப் போக்குவரத்துத் தொழிலாளிக்கும் பொருந்தியது. சேதத்துக்காகச் சம்பளத்தில் பிடிப்பதானால், அது நேரடியாக அந்தத் தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்திருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன்னால் அவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. இதைப் பிற்பாடு ஒரு தொழிற்சங்கக்காரர் பேச்சில் கேட்டேன். ஆனால் சட்டம் தெரியாததால் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். அவர் பக்கத்தைச் சொல்ல முடியாதபடி சாட்சியையே வெட்டிக் குப்பையில் போட்டவனுக்குச் சட்டம் தெரிந்திருந்தால் மட்டும் என்ன?

வெகுநாள் இது என்னோடு இருந்தது. வெளியே சொல்ல வைத்தது வேறொரு வண்டி. என் பேச்சைக் கேட்டு மின்சார ஃபேன் மாட்டிய ஒருவரின் வண்டியும் மலையில் கொதித்து நின்றது. அவர் ஸ்டாண்டில் தன் டிரைவரைப் பார்த்து, "தண்ணி பாத்துருந்தா இது நடக்குமா?" என்றார். அட்சரம் பிசகாமல் என் வாசகம். அந்தப் பையனின் முகத்தைப் பார்த்ததும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. என் பொய் என்னோடு முடியவில்லை; முதலாளிகள் தேவைப்படும்போது எடுத்துப் பேசும் வழக்கமாகிவிட்டது என்று அன்று உறைத்தது. அந்த வண்டியின் டாஷ்போர்டுக்கு அடியில் குனியச் சொல்லி, சுவிட்சின் பின்பக்கத்தைக் காட்டினேன். அங்கேயும் தோல் உருகிய ஒயர். என் கதையை முதன்முதலாக அங்கேதான் வாய்விட்டுச் சொன்னேன்.

மின்சார ஃபேனையே குறை சொல்ல நான் வரவில்லை. ஃபேனின் வேகம் இரண்டு மடங்கானால் அதைச் சுற்றத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும். தேவையில்லாதபோது நிறுத்தி வைக்க முடிந்தால் சமவெளி ஓட்டத்தில் டீசல் மிச்சமாகத்தான் செய்யும். ஆனால் கரண்ட்டும் சும்மா வருவதில்லை, அதே பெல்ட்டில் ஆல்டர்னேட்டர் சுற்றித்தான் வருகிறது. மாற்றுகிறவர்கள் முழுதாக மாற்றட்டும்: எஞ்சின் அளவுக்கு ஏற்ற ஃபேன், ரேடியேட்டரை முழுக்க மூடும் காற்றுக்கூடு, அந்தச் சுமையைத் தாங்கும் ஆல்டர்னேட்டர், 6 சதுர மில்லிமீட்டர் ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், 40 ஆம்பியர் ரிலே, தெர்மோ சுவிட்ச், ஃபேன் நின்றால் டிரைவருக்குத் தெரியும்படி டாஷ்போர்டில் ஒரு விளக்கு. மலைக்கு லோடு ஏற்றும் வண்டியென்றால் பெல்ட் ஃபேனை விட்டுவைப்பதே நல்லது. உலகம் முழுவதும் கனரக லாரிகளில் கப்ளிங் வைத்த பெல்ட் ஃபேன் இன்னும் ஓடுவதற்குக் காரணம் அவ்வளவு காற்றை இழுக்க அவ்வளவு பலம் வேண்டும் என்பதுதான். என் வண்டியில் புதுக் கப்ளிங் போட்டுப் பழைய ஃபேனையே மாட்டிவிட்டேன். முதல் நாளே டிரைவர் சொன்னது அது.

அவர் இப்போது ஒரு மில்லில் வேன் ஓட்டுகிறார். வீடு தேடிப் போய், ஒயரை வெட்டியதில் இருந்து எல்லாவற்றையும் சொல்லி, பிடித்த பணத்தை வைத்தேன். எண்ணாமல் வாங்கிக்கொண்டார். "அன்னைக்கே தெரியும்ண்ணே, சுவிட்சு மாறியிருந்துச்சு" என்றார். பிறகு, "காசு வந்துருச்சு. ஸ்டாண்டுல வச்சுச் சொன்னீங்களே, அதை யாருண்ணே திருப்பி எடுக்குறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மறுநாள் ஸ்டாண்டில் சொன்னேன். அன்று இருந்தவர்களில் சிலர்தான் இன்று இருக்கிறார்கள். மற்றவர்கள் ஊர் ஊராகப் பிரிந்து போய்விட்டார்கள், அந்தப் பேச்சையும் கொண்டுபோயிருப்பார்கள்.

அவர்களுக்காகவே எழுத்தில் வைக்கிறேன். அந்த டிரைவர் தண்ணீர் பார்த்துத்தான் வண்டியை எடுத்தார். சுவிட்சைப் போட்டிருந்தார். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார், மேலே ஏற்ற வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார். ஏற்றச் சொன்னது நான், ஒயரை ஒளித்தது நான், பொய் சொன்னது நான். அவரைப் பற்றி வேறு விதமாக யாராவது பேசக் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.